நேரலை நிகழ்பட ஓடையில் இணைப்புப் பழுதறிதல்

நேரலை நிகழ்பட ஓடையில் இணைப்புப் பழுதறிதல் என்பது, மேகக் கணிமைச் சேவைகளின் வழியாக இணையத்தில் நேரலையாக அனுப்பப்படும் நிகழ்படம் தொடங்காமல் போகும்போதோ இடையில் அறுபடும்போதோ, அப்பழுதின் இடத்தையும் காரணத்தையும் முறைப்படி கண்டறிந்து நீக்கும் செயலாகும். பதிவு செய்யப்பட்ட நிகழ்படத்தில் பிழை ஏற்பட்டால் அதனை மீண்டும் பதிவேற்றிக்கொள்ளலாம். நேரலையில் அவ்வாறான மறுவாய்ப்பு கிடையாது. ஆகவே பழுதின் உண்மையான இடத்தை விரைவாக அறிவது இத்துறையில் முதன்மையான தேவையாகும்.

பெரும்பாலான பயனர்கள் எல்லாப் பழுதுகளையும் "இணைய வேகம் போதவில்லை" என்றே கொள்கின்றனர். நடைமுறையில் பெயர் தீர்வு, தீச்சுவர், சான்றிதழ், கடிகாரம், முகவரி மாற்றி, குறியாக்கி, இடைச்சேமிப்பு எனப் பல இடங்களில் பழுது தோன்றக்கூடும். இவற்றில் பல வேகத்துடன் தொடர்பற்றவை. ஒவ்வொரு வகைப் பழுதும் தனக்கே உரிய அறிகுறியைக் காட்டுவதால், அறிகுறியைச் சரியாகப் படித்தால் இடத்தை அறியலாம்.

ஓடை செல்லும் பாதை

மேகக் கணிமை வழி நேரலையில் நிகழ்படம் கீழ்க்காணும் ஐந்து கட்டங்களைக் கடக்கின்றது.

1. பிடிப்பும் குறியாக்கமும்: ஒளிப்படக்கருவியின் காட்சியைக் கணினியோ கைபேசியோ தனிக்கருவியோ சுருக்கி, எச்.264 போன்ற வடிவத்திற்கு மாற்றுகின்றது.
2. உள்ளனுப்பல்: சுருக்கப்பட்ட ஓடை, நிகழ்விடத்தின் திசைவி, இணையச் சேவை வழங்குநர் ஆகியவற்றைக் கடந்து மேகச் சேவையின் நுழைவு வழங்கியை அடைகின்றது.
3. மாற்றுக் குறியாக்கம்: மேகத்தில் அந்த ஓடை பல தரங்களில் மீண்டும் குறியாக்கப்பட்டு, சில நொடி நீளமுள்ள சிறு துண்டுகளாக வெட்டப்படுகின்றது.
4. பரப்பல்: உள்ளடக்க வழங்கல் வலையமைப்பு அத்துண்டுகளைப் பல ஊர்களில் உள்ள தன் வழங்கிகளில் இடைச்சேமிப்பில் வைக்கின்றது.
5. இயக்கல்: பார்வையாளரின் உலாவியோ செயலியோ துண்டுகளைப் பெற்று வரிசையாக இயக்குகின்றது.

இரண்டாம் கட்டத்தில் ஏற்படும் பழுது எல்லாப் பார்வையாளர்களையும் பாதிக்கும். ஐந்தாம் கட்டத்தில் ஏற்படும் பழுது ஒருவரை மட்டும் பாதிக்கும். "யாருக்கெல்லாம் நின்றது?" என்ற வினாவே பழுதறிதலில் முதலில் கேட்கத்தக்கது.

வரலாற்றுச் சுருக்கம்

இணைய நேரலையின் தொடக்கம் 1990களில் அமைந்தது. நிகழ்நேரத் தரவை அனுப்புவதற்கான ஆர்டிபி நெறிமுறை 1996 இலும், ஓடைகளைக் கட்டுப்படுத்துவதற்கான ஆர்டிஎஸ்பி நெறிமுறை 1998 இலும் வெளியிடப்பட்டன. மேக்ரோமீடியா நிறுவனம் பிளாஷ் மென்பொருளுக்காக ஆர்டிஎம்பி என்னும் நெறிமுறையை உருவாக்கியது. அந்நிறுவனத்தை 2005 இல் வாங்கிய அடோபி, நெறிமுறையின் விவரக்கூற்றை 2009 இல் வெளியிட்டது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் எச்எல்எஸ் என்னும் முறையை அறிமுகப்படுத்தியது. இது நிகழ்படத்தைச் சாதாரண இணையக் கோப்புகளைப் போன்ற துண்டுகளாக அனுப்புவதாகும்.

பிளாஷ் இயக்கிக்கான ஆதரவு 2020 திசம்பர் 31 உடன் முடிவுக்கு வந்தது. ஆயினும் ஆர்டிஎம்பி மறையவில்லை. பார்வையாளர் பக்கத்தில் அதன் இடத்தை எச்எல்எஸ், டாஷ் ஆகியவை பிடித்துக்கொள்ள, உள்ளனுப்பலில் அது இன்றும் பரவலாகப் பயன்படுகின்றது. இதனால் ஒரே நேரலையில் ஓடை ஒரு நெறிமுறையில் உள்ளே சென்று வேறொரு நெறிமுறையில் வெளியே வருகின்றது. பிற்காலத்தில் வந்தவற்றுள் வெப்ஆர்டிசி, எஸ்ஆர்டி ஆகியவை குறிப்பிடத்தக்கன. கூகுள் 2011 இல் திறமூலமாக வெளியிட்ட வெப்ஆர்டிசி, 2021 சனவரியில் டபிள்யு3சி அமைப்பின் பரிந்துரையானது. எஸ்ஆர்டியை ஐவிஷன் நிறுவனம் 2017 இல் திறமூலமாக வெளியிட்டது.

அடிப்படை முறை

பழுதறிதலின் அடிப்படை, பாதையை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பதாகும். மேகச் சேவையின் கட்டுப்பாட்டுப் பலகையில், உள்வரும் ஓடையின் முன்னோட்டம் தெளிவாகத் தெரிகின்றதா என்பதை முதலில் காண வேண்டும். தெரிந்தால் முதல் இரு கட்டங்களும் நலமாக உள்ளன. பழுது அதற்கு அப்பால் உள்ளது. தெரியாவிட்டால் பார்வையாளர் பக்கத்தை ஆராய்வது வீண் வேலையாகும். இதன் பின்னர் எஞ்சிய பகுதியை மீண்டும் இரண்டாகப் பிரிக்கலாம்.

இம்முறையில் இரு விதிகள் பின்பற்றப்படுகின்றன.

* ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பிட்டு வீதம், நுழைவு முகவரி, கம்பி ஆகிய மூன்றையும் ஒருங்கே மாற்றிப் பழுது நீங்கினால், காரணம் எதுவென்று தெரியாது. அடுத்த முறையும் தொடக்கத்திலிருந்தே தேட நேரிடும்.
* ஒப்பீட்டுச் சோதனை செய்ய வேண்டும். அதே குறியாக்கியை, அதே அமைப்புகளுடன், கைபேசியின் இணைய இணைப்பில் பொருத்திப் பார்க்கலாம். அங்கு வேலை செய்தால், குறியாக்கி, சாவி, மேகச் சேவை ஆகிய மூன்றும் ஒரே சோதனையில் ஐயத்திலிருந்து நீங்குகின்றன.

இணைப்பே ஏற்படாத நிலை

குறியாக்கிக்கும் நுழைவு வழங்கிக்கும் இடையில் இணைப்பு படிப்படியாக ஏற்படுகின்றது. முதலில் பெயர் முகவரியாக மாற்றப்படுகின்றது. அடுத்து டிசிபி இணைப்பு. அதன் பின் மறையாக்கக் கைகுலுக்கல். பின்னர் நெறிமுறையின் கைகுலுக்கல். இறுதியாக அடையாளச் சரிபார்ப்பு. எந்தப் படியில் நின்றது என்பதைப் பிழைச் செய்தி பெரும்பாலும் காட்டிவிடும்.

பெயர் தீர்வுப் பிழை

வழங்கியின் பெயரைக் களப் பெயர் முறைமை எண் முகவரியாக மாற்றித் தராவிட்டால், "வழங்கி கிடைக்கவில்லை" என்ற பொருளில் செய்தி வரும். முகவரியில் தட்டச்சுப் பிழை, நகலெடுக்கும்போது சேர்ந்துகொண்ட இடைவெளி, நிகழ்விட வலையமைப்பின் பெயர் வழங்கியில் பழுது ஆகியன இதற்குரிய காரணங்களாகும். என்எஸ்லுக்அப் கட்டளையால் இதனைச் சோதிக்கலாம். வேறொரு பெயர் வழங்கியிடம் கேட்டு விடை கிடைத்தால் பழுது உள்ளூர்ப் பெயர் வழங்கியில் உள்ளது.

மறுப்பும் காலாவதியும்

"இணைப்பு மறுக்கப்பட்டது" என்பதும் "நேரம் கடந்துவிட்டது" என்பதும் ஒன்றல்ல. மறுப்பு வருகின்றது என்றால் பொதி எதிர்முனையையோ இடையில் உள்ள ஒரு கருவியையோ அடைந்து, அங்கிருந்து விடை திரும்பியுள்ளது. அந்தத் துறையில் எந்தச் சேவையும் இயங்கவில்லை என்பதே இதன் வழக்கமான பொருள். மேகத்தில் ஓடை வாயில் இன்னும் தொடங்கப்படாதிருப்பது பொதுவான காரணம். காலாவதி ஏற்படுகின்றது என்றால் பொதிக்கு எவ்வித விடையும் வரவில்லை. தீச்சுவர் ஒன்று பொதியைச் சொல்லாமல் கைவிடுவது இதன் முதன்மைக் காரணமாகும்.

ஆர்டிஎம்பி இயல்பாக 1935 என்னும் துறையைப் பயன்படுத்துகின்றது. கல்லூரி, அலுவலக, விடுதி வலையமைப்புகள் பலவற்றில் இத்துறை அடைக்கப்பட்டிருக்கும். இணையப் பக்கங்களுக்குரிய 443 ஆம் துறை திறந்திருக்கும். எனவே "உலாவியில் எல்லாத் தளங்களும் திறக்கின்றன, குறியாக்கி மட்டும் இணையவில்லை" என்னும் முறையீட்டிற்கு, மறையாக்கப்பட்ட ஆர்டிஎம்பிஎஸ் நெறிமுறையை 443 ஆம் துறையில் பயன்படுத்துவதே பெரும்பாலும் தீர்வாக அமைகின்றது. மேகத்தின் பக்கத்தில் பாதுகாப்புக் குழு விதிகளும், அனுமதிக்கப்பட்ட முகவரிப் பட்டியலும் இதே அறிகுறியைத் தரக்கூடும். நிகழ்விடம் மாறியதும் பொது முகவரியும் மாறிவிடுவதால், அலுவலகத்தில் வேலை செய்த அமைப்பு அரங்கத்தில் வேலை செய்யாமல் போவதுண்டு.

பிங் கட்டளைக்கு விடை வராததை மட்டும் வைத்து வழங்கி செயலிழந்தது என முடிவு செய்தல் தவறாகும். பல மேகச் சேவைகள் பிங் பொதிகளுக்கு விடையளிப்பதில்லை.

சான்றிதழும் கடிகாரமும்

மறையாக்கக் கைகுலுக்கலில், வழங்கியின் சான்றிதழ் செல்லத்தக்கதா என்பதைக் குறியாக்கி சரிபார்க்கின்றது. குறியாக்கியின் கடிகாரம் தவறாக இருந்தால் நல்ல சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். நெடுநாள் மின்சாரமின்றி வைக்கப்பட்ட தனிக்கருவிகளில் இது நிகழ்கின்றது. கடிகார வேறுபாடு சில நிமிடங்களைத் தாண்டினால், நேர முத்திரையிட்ட ஒப்பங்களையும் மேகச் சேவைகள் ஏற்பதில்லை.

வேர்ச் சான்றிதழ்கள் பழையனவாக இருப்பதும் ஒரு காரணமாகும். 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்னும் வேர்ச் சான்றிதழ் காலாவதியானது. புதிய வேர்ச் சான்றிதழை அறியாத பழைய கருவிகள் பலவற்றால் அந்நாள் முதல் பல வழங்கிகளுடன் இணைய முடியாமற்போனது. இணைப்பின் வேகத்திலோ வழங்கியிலோ எக்குறையும் இல்லை. இத்தகைய பழுதிற்குக் கருவியின் மென்பொருளை இற்றைப்படுத்துவதே தீர்வாகும்.

கைகுலுக்கலில் நின்றுபோதல்

டிசிபி இணைப்பு ஏற்பட்டு, அதன்பின் எதுவும் நடவாமல் நிற்பது அரிதான, குழப்பம் தரும் பழுதாகும். ஈதர்நெட் வலையமைப்பில் ஒரு பொதியின் உச்ச அளவு 1500 பைட்டு. பிபிபிஓஇ முறையிலான அகலக்கற்றை இணைப்புகளில் இது 1492 ஆகக் குறையும்; மெய்நிகர் தனி வலையமைப்புச் சுரங்கங்களில் மேலும் குறையும். பெரிய பொதி வந்தால் அதனைச் சிறிதாக்குமாறு கூறும் ஐசிஎம்பி செய்தியை, தீச்சுவர் ஒன்று தடுத்துவிடுமாயின், அனுப்புநர் பெரிய பொதியையே மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருப்பார். இணைப்பைத் தொடங்கும் பொதிகள் சிறியன, எனவே கடந்துவிடும். ஆர்டிஎம்பி கைகுலுக்கலின் முதற்பகுதி 1536 பைட்டு கொண்டது. அது முழு அளவுப் பொதியாகச் செல்ல முயன்று தொலைந்துபோகும். திசைவியில் பொதியின் உச்ச அளவைக் குறைத்துப் பார்ப்பதன் மூலம் இதனை உறுதி செய்யலாம்.

அடையாள மறுப்பு

இணைப்பு ஏற்பட்டு உடனே துண்டிக்கப்பட்டால், ஸ்ட்ரீம் கீ என வழங்கும் ஓடைச் சாவியை ஐயுற வேண்டும். சாவி தவறாக இருத்தல், காலாவதியாதல் ஆகியன எளிய காரணங்கள். மற்றொரு காரணமும் உண்டு. இணைய இணைப்பு திடீரென அறுபட்டபோது, பழைய இணைப்பு முடிந்துவிட்டது என்பதை வழங்கி உடனே அறிவதில்லை. அதற்குள் குறியாக்கி மீண்டும் இணைய முயன்றால், "இச்சாவி பயன்பாட்டில் உள்ளது" எனச் சில சேவைகள் மறுக்கும். சாவியை மாற்றத் தேவையில்லை. சிறிது நேரம் காத்திருந்து இணைத்தால் போதும். மறுமுயற்சிகளுக்கு இடையிலான இடைவெளியைப் படிப்படியாகக் கூட்டும்படி குறியாக்கியை அமைப்பது இதனால்தான்.

இணைந்த பின் அறுபடும் நிலை

மேலேற்ற வேகம்

உள்ளனுப்பலுக்குத் தேவைப்படுவது மேலேற்ற வேகமாகும். விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்படுவது பெரும்பாலும் கீழிறக்க வேகமாகும். ஏடிஎஸ்எல்2+ இணைப்பில் கீழிறக்கம் நொடிக்கு 24 மெகாபிட்டு வரை இருக்கலாம். மேலேற்றம் 1 மெகாபிட்டு அளவிலேயே இருக்கும். அளந்த மேலேற்ற வேகத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை மட்டும் ஓடைக்கு ஒதுக்குவது நல்லது. வேகச் சோதனை சில நொடிகளின் உச்சத்தையே காட்டும்; நேரலைக்கோ மணிக்கணக்கில் குறையாத வேகம் வேண்டும்.

தரவு வரம்பும் கருதத்தக்கது. நொடிக்கு 4 மெகாபிட்டு ஓடை மணிக்கு 1.8 ஜிகாபைட்டு தரவைச் செலவிடும். நாளொன்றுக்கு 1.5 ஜிகாபைட்டு வரம்புள்ள கைபேசித் திட்டத்தில் இந்த ஓடை 50 நிமிடங்களில் வரம்பை எட்டிவிடும். அதன்பின் வேகம் வெகுவாகக் குறைக்கப்படுவதால், நன்றாகச் சென்றுகொண்டிருந்த ஒளிபரப்பு காரணமின்றி அறுந்தது போலத் தோன்றும்.

தொலைவும் பொதியிழப்பும்

ஆர்டிஎம்பி டிசிபியின் மேல் இயங்குகின்றது. டிசிபி, பொதி தொலைவதை நெரிசலின் அறிகுறியாகக் கருதித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 1997 இல் மேத்திஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வெளியிட்ட சமன்பாட்டின்படி, டிசிபியின் வேகம் சுற்றுப் பயண நேரத்திற்கும் பொதியிழப்பு வீதத்தின் இருபடி மூலத்திற்கும் எதிர்விகிதத்தில் அமையும். 1460 பைட்டுப் பொதிகளில் 100 க்கு 1 தொலையுமாயின், வழமையான டிசிபி இணைப்பு ஒன்றின் வேகம் ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்.

* சுற்றுப் பயண நேரம் 20 மில்லிநொடி: நொடிக்கு 7.1 மெகாபிட்டு
* சுற்றுப் பயண நேரம் 100 மில்லிநொடி: நொடிக்கு 1.4 மெகாபிட்டு
* சுற்றுப் பயண நேரம் 200 மில்லிநொடி: நொடிக்கு 0.7 மெகாபிட்டு

கியூபிக், பிபிஆர் போன்ற பிற்கால நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் இச்சமன்பாட்டிலிருந்து மாறுபட்டு நடந்துகொள்ளும். எனினும் அடிப்படைப் பாடம் பயனுள்ளது. இணையத் திட்டத்தின் வேகம் எவ்வளவாயினும், தொலைவும் இழப்பும் சேர்ந்தால் ஓர் இணைப்பு அதனை அடைய முடியாது. சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்சீனியாவிற்கு நேர்தொலைவு ஏறத்தாழ 13,500 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்வதால், போய்வர 135 மில்லிநொடியேனும் ஆகும். கடலடி வடங்களின் சுற்றுவழியால் நடைமுறையில் 200 ஐத் தாண்டும். எனவே அருகில் உள்ள நுழைவு வழங்கியைத் தேர்வதும், கம்பியில்லா இணைப்பை விடுத்துக் கம்பி வழி இணைப்பைப் பயன்படுத்திப் பொதியிழப்பைக் குறைப்பதும், அதிவேகத் திட்டத்திற்கு மாறுவதை விட மிகுந்த பயன் தரலாம்.

எஸ்ஆர்டியின் சுணக்க அமைப்பு

எஸ்ஆர்டி யுடிபியின் மேல் இயங்கி, தொலைந்த பொதிகளை மட்டும் மீண்டும் கேட்டுப் பெறுகின்றது. இதற்குரிய காத்திருப்பு நேரத்தைப் பயனர் அமைக்கலாம்; இயல்பு மதிப்பு 120 மில்லிநொடி. சுற்றுப் பயண நேரம் 250 மில்லிநொடி உள்ள பாதையில் இயல்பு மதிப்பை அப்படியே விட்டால், மீண்டும் கேட்ட பொதி வந்துசேரும் முன்பே அதற்கான நேரம் கடந்துவிடும். இழப்பை ஈடுசெய்யும் திறனுள்ள நெறிமுறையே ஒரு பொதியையும் மீட்க இயலாமல் நிற்கும். சுற்றுப் பயண நேரத்தைப் போல் மூன்று, நான்கு மடங்காக இம்மதிப்பை அமைப்பது வழக்கம்.

சட்டகங்கள் விடுபடுதல்

2012 இல் தொடங்கப்பட்ட ஓபிஎஸ் என்னும் திறமூலக் குறியாக்கி, விடுபட்ட சட்டகங்களை மூன்றாகப் பிரித்துக் காட்டுகின்றது.

* வலையமைப்பால் கைவிடப்பட்டவை: அனுப்பும் இணைப்பு போதவில்லை.
* குறியாக்கத் தாமதத்தால் தாண்டப்பட்டவை: கணினியின் செயலியால் குறித்த நேரத்தில் சுருக்க இயலவில்லை.
* வரைவுத் தாமதத்தால் தவறியவை: வரைகலைச் செயலிக்குச் சுமை மிகுந்துள்ளது.

பார்வையாளருக்கு மூன்றும் ஒன்றுபோலவே, படம் தடுமாறுவதாகத் தெரியும். இரண்டாம், மூன்றாம் வகைகளில் இணையத்தை மாற்றிப் பயனில்லை. படத்தின் அளவையோ நொடிக்கான சட்டக எண்ணிக்கையையோ குறைக்க வேண்டும்.

வெப்ஆர்டிசி இணைப்புகள்

இணையவழி வகுப்பு, மருத்துவ ஆலோசனை போன்று இருபக்கமும் பேசவேண்டிய இடங்களில் வெப்ஆர்டிசி பயன்படுகின்றது. இதில் அழைப்புச் செய்திகள் ஒரு வழியிலும் ஒலி, ஒளி வேறொரு வழியிலும் செல்கின்றன. "அழைப்பு இணைந்தது, எழுத்து அரட்டை நடக்கின்றது, படம் மட்டும் வரவில்லை" என்பது இதற்கே உரிய அறிகுறியாகும்.

வீட்டுத் திசைவிகளும் கைபேசி வலையமைப்புகளும் பல கருவிகளை ஒரே பொது முகவரியின் பின்னால் மறைக்கின்றன. ஸ்டன் வழங்கி, ஒரு கருவிக்குத் தன் பொது முகவரியைத் தெரிவிக்கின்றது. இரு முனைகளும் நேரடியாக இணைய இயலாத இடங்களில் டர்ன் வழங்கி இடையில் நின்று ஓடையைக் கைமாற்றுகின்றது. இவை இயல்பாக 3478 ஆம் துறையைப் பயன்படுத்துகின்றன. யுடிபியை முற்றிலும் தடுக்கும் அலுவலக வலையமைப்புகளில், மறையாக்கத்துடன் 443 ஆம் துறையில் இயங்கும் டர்ன் வழங்கியே கைகொடுக்கும். உருவாக்குநர் தம் அலுவலகத்திற்குள் சோதிக்கும்போது இரு கருவிகளும் ஒரே வலையமைப்பில் இருப்பதால், டர்ன் வழங்கி அமைக்கப்படாத குறை வெளிப்படுவதில்லை. எனவே இரு வேறு வலையமைப்புகளில் சோதித்தல் இன்றியமையாதது.

இணைப்பு ஏற்பட்ட பின்னரும், எதிர்முனை ஓடையைப் பெற இசைகின்றதா என்பதை வெப்ஆர்டிசி அவ்வப்போது சரிபார்க்கின்றது. 30 நொடிகளுக்கு விடை வராவிட்டால் அனுப்புதல் நிறுத்தப்படும். பேசிக்கொண்டிருக்கும்போது கைபேசி வைஃபையிலிருந்து செல்பேசி வலையமைப்பிற்கு மாறினால், முகவரிகளை மீண்டும் பேசி முடிவு செய்ய வேண்டும். இவ்வசதி எழுதப்படாத செயலிகளில் படம் உறைந்து நிற்கும்.

பார்வையாளர் பக்கப் பழுதுகள்

மேகத்தில் முன்னோட்டம் நன்றாகத் தெரிந்தும் பார்வையாளர்களுக்கு ஓடவில்லையெனில், பாதிப்பின் பரவலைக் கொண்டு இடத்தைக் குறுக்கலாம். ஒருவருக்கு மட்டும் எனில் அவரது இணைப்பு. ஒரு பகுதியினருக்கு எனில் அப்பகுதியின் இணையச் சேவை வழங்குநர் அல்லது பரப்பல் வலையமைப்பு. ஒருவகை உலாவிக்கு மட்டும் எனில் இயக்கி மென்பொருள் ஐயத்திற்குரியன. உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் கீழ்க்காண்பவற்றைக் காணலாம்.

* 403 எனும் விடை: அனுமதிச் சீட்டு காலாவதியானது, அல்லது அந்நாட்டிற்கு அனுமதியில்லை.
* 404 எனும் விடை: கேட்ட துண்டு இல்லை. ஓடை நின்றிருக்கலாம், அல்லது பட்டியல் பழையதாக இருக்கலாம்.
* 5 இல் தொடங்கும் விடைகள்: வழங்கியின் பக்கத்தில் பழுது.
* கோரிக்கையே செல்லாமை: மறையாக்கப்பட்ட பக்கத்தில் மறையாக்கமற்ற ஓடை முகவரி இருப்பதால் உலாவி தடுத்தது.

எச்எல்எஸ் முறையில், அண்மைத் துண்டுகளின் பெயர்களைக் கொண்ட பட்டியல் கோப்பை இயக்கி சில நொடிகளுக்கு ஒருமுறை மீண்டும் பெறுகின்றது. துண்டுகள் மாறாதவை, பட்டியல் மாறிக்கொண்டே இருப்பது. இரண்டிற்கும் ஒரே இடைச்சேமிப்புக் காலத்தை அமைத்துவிட்டால், பரப்பல் வலையமைப்பு பழைய பட்டியலையே தந்துகொண்டிருக்கும். சில நொடிகள் ஓடிய பின் படம் நிற்கும்.

ஆப்பிள் பரிந்துரைக்கும் துண்டு நீளம் 6 நொடி. இயக்கி இறுதியிலிருந்து மூன்று துண்டு நீளம் பின்னால் தொடங்குவதால், 18 நொடி வரையிலான சுணக்கம் பழுதன்று. அது அம்முறையின் இயல்பாகும். துண்டுகள் முதன்மைச் சட்டகத்தில் தொடங்க வேண்டும் என்பதால், குறியாக்கியில் முதன்மைச் சட்டக இடைவெளியை 2 நொடியாக அமைக்குமாறு பல சேவைகள் கோருகின்றன. எக்ஸ்264 குறியாக்கியின் இயல்பு உச்ச இடைவெளி 250 சட்டகம், அதாவது நொடிக்கு 25 சட்டகம் எனில் 10 நொடி. இதனை மாற்றாமல் விடுவது, உள்ளனுப்பல் நலமாயிருந்தும் பார்வையாளர் பக்கத்தில் தடங்கல் ஏற்படும் காரணங்களுள் ஒன்றாகும்.

மேகச் சேவையில் ஏற்படும் பழுதுகள்

அரிதாயினும் மேகச் சேவையே செயலிழப்பதுண்டு. 2021 அக்டோபர் 4 அன்று பேஸ்புக்கின் முதுகெலும்பு வலையமைப்பில் நடந்த பராமரிப்புப் பணியின் பிழையால், அதன் பெயர் வழங்கிகளுக்குச் செல்லும் வழிகள் இணையத்திலிருந்து நீங்கின. ஏறத்தாழ ஆறு மணி நேரம் அதன் சேவைகள் கிடைக்கவில்லை. 2025 அக்டோபர் 20 அன்று அமேசான் வெப் சர்வீசசின் வட வர்சீனியா வட்டாரத்தில், டைனமோடிபி தரவுத்தளத்தின் பெயர்ப் பதிவைப் பேணும் தானியக்க முறையில் ஏற்பட்ட பிழையால் பல சேவைகள் முடங்கின. இரு நிகழ்வுகளிலும் வழங்கிகள் அழியவில்லை. அவற்றைச் சென்றடையும் பெயர்வழி இல்லாமற்போனது.

சேவையின் நிலைப் பக்கத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் அப்பக்கம் உடனே இற்றைப்படுத்தப்படும் என எதிர்பார்க்க இயலாது. இரு வேறு வலையமைப்புகளிலிருந்து, இரு வேறு குறியாக்கிகளால் முயன்றும் ஒரே பிழை வருமாயின் மேகத்தின் பக்கம் பழுது எனக் கொள்ளலாம். அந்நிலையில் செய்யத்தக்கது, முன்னரே ஆயத்தம் செய்த வேறொரு வட்டாரத்தின் நுழைவு முகவரிக்கு மாறுவதாகும்.

எடுத்துக்காட்டு

ஒரு கல்லூரி அரங்கிலிருந்து நடக்கவேண்டிய நேரலை இணையவில்லை எனக் கொள்வோம்.

1. குறியாக்கி "நேரம் கடந்துவிட்டது" எனக் காட்டுகின்றது. மறுப்பு இல்லை. பொதி வழியில் கைவிடப்படுகின்றது என்பது கருதுகோள்.
2. அதே மடிக்கணினி கைபேசி இணைய இணைப்பில் உடனே இணைகின்றது. சாவியும் மேகச் சேவையும் நலம்.
3. கல்லூரி வலையமைப்பில் 1935 ஆம் துறைக்கு விடை இல்லை. 443 ஆம் துறைக்கு உண்டு. தீச்சுவரே காரணம்.
4. ஆர்டிஎம்பிஎஸ் முகவரிக்கு மாற்றியதும் ஓடை செல்கின்றது.
5. முற்பகல் இடைவேளையில் சட்டகங்கள் விடுபடுகின்றன. வலையமைப்பு வகை மட்டும் ஏறுகின்றது. பிங் நேரம் 15 மில்லிநொடியிலிருந்து பல நூறாக உயர்கின்றது. மாணவர்களின் பயன்பாட்டால் திசைவியின் வரிசை நிரம்பியுள்ளது.
6. பிட்டு வீதம் பாதியாகக் குறைக்கப்படுகின்றது. அரங்கின் கம்பிக்கு முன்னுரிமை தருமாறு வலையமைப்பு நிர்வாகியிடம் கேட்கப்படுகின்றது.

இங்கு இரண்டு தனித்தனிப் பழுதுகள் உள்ளன. முதல் பழுதிற்கு அதிவேக இணைப்பு வாங்கியிருந்தாலும் பயன் விளைந்திராது.

முன்னேற்பாடுகள்

* நிகழ்விடத்தில், நிகழ்வு நடக்கும் அதே நேரத்தில், முந்தைய நாளே ஒரு மணி நேரமேனும் சோதனை ஓட்டம் நடத்துதல்.
* வேறு சேவை வழங்குநரின் இரண்டாவது இணைப்பை ஆயத்தமாக வைத்தல். ஒரே வழங்குநரின் இரு இணைப்புகள் ஒரே வடத்தில் அறுபடலாம்.
* தேவையான துறைகளின் பட்டியலை வலையமைப்பு நிர்வாகியிடம் முன்கூட்டியே எழுத்தில் தருதல்.
* குறியாக்கியின் கடிகாரத்தை என்டிபி வழியாகச் சரிசெய்தல். மென்பொருள் இற்றைகளை நிகழ்வு நாளன்று செய்யாதிருத்தல்.
* பிழைச் செய்திகளையும் நேரத்தையும் குறித்துவைத்தல். மேகச் சேவையின் பதிவேடுகள் பெரும்பாலும் ஒருங்கிணைந்த உலக நேரத்தில் இருப்பதால், இந்திய, இலங்கை நேரத்திலிருந்து 5 மணி 30 நிமிடங்களைக் கழித்துத் தேட வேண்டும்.
* குறியாக்கியிலேயே ஒரு பிரதியைப் பதிவு செய்தல். இணைப்பு முற்றிலும் அறுந்தாலும் நிகழ்வு தொலைந்துபோகாது, பின்னர் பதிவேற்றிக்கொள்ளலாம்.

கருவிகள்

* ட்ரேஸ்ரூட்: பொதி கடக்கும் திசைவிகளை வரிசையாகக் காட்டுவது.
* ஐபெர்ஃப்3: இரு முனைகளுக்கு இடையே மேலேற்ற வேகத்தையும் யுடிபி பொதியிழப்பையும் அளப்பது.
* கர்ள்: பட்டியல் கோப்பையும் விடைத் தலைப்புகளையும் நேரடியாகப் பெற்றுப் பார்ப்பது.
* எஃப்எஃப்எம்பெக்: குறியாக்கியின்றிச் சோதனை ஓடையை அனுப்புவது, இதன் எஃப்எஃப்புரோப் கருவி ஓடையின் அமைப்பைக் காட்டும்.
* வயர்ஷார்க்: பொதிகளைப் பிடித்து ஆராய்வது. 2006 வரை ஈதரியல் என்ற பெயரில் வழங்கியது.

இவற்றையும் பார்க்க

* மேகக் கணிமை
* உள்ளடக்க வழங்கல் வலையமைப்பு
* களப் பெயர் முறைமை
* தீச்சுவர்
* டிசிபி
* வெப்ஆர்டிசி